பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புகிறவர்கள்

குடவாசல்
கார்த்திகை 3

அன்பு மகள் அனுராதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி ராஜராஜனும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகவே இருக்கிறோம், பசுவும் நலம், நட்ட சம்பா பாதி நலம் பாதி தண்ணீருக்குள் இருக்கிறது. நீயும் அந்த ஃபின்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் எதைக் கேட்டாலும் சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய், அதற்குள் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லி கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் நனைந்த கதையை ஆரம்பித்துவிடுகிறார். உன் கண்ணைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதை நீ தனியாக உட்கார்ந்து, பகல் வெளிச்சத்தில் படிக்க வேண்டும், அதனால்தான் தபாலில் அனுப்புகிறேன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று ராஜராஜன் சொன்னான், அவனை வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

அப்பா கல்யாணத்தில் வழுக்கி விழுந்தார் என்று போன மாதம் சொன்னேன் அல்லவா, முழுக்கதையையும் அப்போது சொல்லவில்லை. வலங்கைமானில் சொசைட்டி செயலாளர் வீட்டுக் கல்யாணம். நம் வீட்டு வழக்கப்படி காலை முகூர்த்தத்துக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பியிருக்க வேண்டும், ஆனால் செயலாளர் நேரில் வந்து முதல் நாள் ராத்திரி ரிசப்ஷனுக்குத்தான் வரணும் என்று சொல்லிவிட்டதால் தட்ட முடியவில்லை. மேடையில் நின்று போட்டோ எடுத்து முடித்த நேரத்தில் கரண்ட் போனது. வெளியே வேனில் இருந்த விளக்கும் நாலைந்து பேருடைய செல்போன் வெளிச்சமும் இருந்ததால் மற்றவர்கள் எல்லோரும் படியைப் பார்த்து இறங்கிவிட்டார்கள். உன் அப்பா மட்டும் படி இல்லாத பக்கமாக, மிகுந்த மரியாதையோடு மாப்பிள்ளைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேராகக் கீழே இருந்த தவிலின் மேல் இறங்கினார். தவில் கிழிந்தது. அவருக்குக் கணுக்காலில் சிராய்ப்பு மட்டும்தான். தவில்காரர் கையிலிருந்த காபியைக் குடித்து முடித்துவிட்டு, பரவால்லைங்க ஐயா, முகூர்த்தத்துக்கு வேற தவில் இருக்கு, அதுல இறங்காம இருந்தாச் சரி என்றார். அங்கே பெண்ணின் சிநேகிதி ஸ்ரீவித்யா என்று ஒரு கண் டாக்டர், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறவர், உன் வயதுதான் இருக்கும். காலைப் பார்ப்பார் என்று நினைத்தால் கண்ணைப் பார்த்தார். ராத்திரியில வண்டி ஓட்டுவீங்களா என்று கேட்டார். எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்லைங்க என்றார் அப்பா. வானத்துல நட்சத்திரமெல்லாம் தெரியுங்களா என்று கேட்டார். அதற்கு இவர், சின்ன வயசுல ஒண்ணு ரெண்டு இருந்துச்சுங்க, இப்பல்லாம் குறைச்சுட்டாங்க என்று சொன்னார், ரேஷனில் மண்ணெண்ணெய் குறைந்ததைச் சொல்வது போல. டாக்டர் சிரிக்கவில்லை, அடுத்த வாரமே தஞ்சாவூருக்கு வரச் சொன்னார்.

ராஜராஜனையும் கூட்டிக்கொண்டு போனோம். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தார்கள். விழித்திரையில் இருட்டில் பார்ப்பதற்கென்று இருக்கிற பகுதி ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வருகிறதாம், பிறவியிலேயே வித்து இருக்கிறதாம், குடும்பத்தில் வருவதாம். அதற்கு ஒரு பெரிய இங்கிலீஷ் பெயர் இருக்கிறது, அப்பா அதை மனப்பாடம் செய்து டீக்கடையில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். டாக்டர் பெண் பேசப் பேச எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஏனென்றால், என்னைக் கொடுப்பதற்கு முன் என் அப்பா இந்த ஊரில் விசாரித்தபோது நாலு பேர் ஒரே மாதிரி சொன்னார்களாம், அந்த வீட்டு ஆம்பளைங்க பொழுது சாய்ஞ்சா வாசல் தாண்ட மாட்டாங்க, குடி கிடையாது, சீட்டு கிடையாது, ரெண்டாவது ஆட்டம் சினிமா கிடையாது என்று. அந்த ஒரு பேச்சுக்காகவே என்னைக் கொடுத்தார். உன் பெரியப்பா அப்படி, அவருடைய அப்பா அப்படி. முறைத்தண்ணீர் ராத்திரியில் வந்தால் பக்கத்து வயல் ஜெகபர் அலி அண்ணனிடம் மாற்றிக்கொண்டு இவர் பகல் முறையை வாங்கிக்கொள்வார், அதையும் பெரிய மனுஷத்தனம் என்றுதான் நினைத்தேன். முப்பது வருஷமாக நான் ஒழுக்கம் என்று கட்டிக்கொண்டு பெருமைப்பட்டது விழித்திரை நோய் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார்கள்.

பிறகு எங்கள் மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். நான் எதற்கு, நான் வேற வீட்டுப் பொண்ணு, சொந்தத்துல கட்டினது இல்லையே என்றேன். டாக்டர் இரண்டு பக்கத்திலும் யார் யாரை எந்த ஊரில் கொடுத்தார்கள் எடுத்தார்கள் என்று கேட்டுக் கோடு போட்டுக்கொண்டே போனார். ஐந்தாவது கோட்டில் இரண்டு பக்கமும் அகரஓலை கிராமத்தைத் தாண்டி ஒரே வீட்டுக்குள் போய் நின்றது. சொந்தம்னு தெரியாமலே சொந்தம்தாம்மா, இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரே ஜனத்துக்குள்ளயே கொடுத்து எடுத்தா இப்படித்தான் வரும் என்றார். நம் நாட்டில் ஒவ்வொரு ஜனமும் இப்படித் தனித்தனிப் பாத்தியாக இருக்கிறதாம், அந்தந்தப் பாத்திக்கு அந்தந்தக் கோளாறு. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஜனங்களின் ரத்தத்தைப் பார்த்துப் போட்ட பட்டியலில் நம்முடையது பாதி இருப்பதில்லையாம், அதனால் இங்குள்ள கண் நோய்க் குடும்பங்களைத் தேடித் தேடி நம் நாட்டுக்கென்று பட்டியல் தயாரிக்கிறார்களாம். உன் அப்பாவுக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது, இந்திய அரசாங்கமே தேடி வந்த மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. விதைநெல்லை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்றாமல் விட்டால் விளையாது என்று விதை டிப்போவுக்கு ஓடுகிற நாம், பெண் கொடுப்பதற்கு மட்டும் வெட்டாற்றைத் தாண்டினதில்லை.

ரிசல்ட் போன திங்கட்கிழமை வந்தது. அப்பாவுக்கு அந்த வித்து தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. எனக்கு ஒரு பக்கம் இருக்கிறது, பார்வைக்கு ஒன்றும் வராது, ஆனால் பிள்ளைகளுக்குப் போகும். ராஜராஜனுக்கும் ஒரு பக்கம்தான், அவன் பார்வை பிழைத்தது. எங்களுக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறார் டாக்டர். பார்க்காமல் பாக்கி இருப்பது நீ ஒருத்திதான். உன் அத்தை மகன் வெங்கிக்கு உன்னைக் கேட்டார்களே, அதை உன்னைக் கேட்காமலே நான் நிறுத்தி வைத்துவிட்டேன், முதலில் அங்கேயும் ரத்தம் பார்க்கட்டும் என்றேன். அத்தைக்குக் கோபம், எங்க அண்ணன் கண்ணு தெரியாமலா கோவில் கும்பாபிஷேகத்தை முன்ன நின்னு நடத்துனாரு என்கிறார். கும்பாபிஷேகம் காலை ஒன்பது மணிக்கு நடந்தது என்று நான் சொல்லவில்லை. கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் முருங்கைக்கீரை கொண்டு வருகிறார்கள். அது வேறு மாலைக்கண், இதற்குக் கீரை கேட்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், இருந்தாலும் வந்த கீரையை எறிய முடியாமல் தினமும் பொரியல்தான். இதற்கு இப்போதைக்கு மருந்து இல்லை. பகல் பார்வை இன்னும் பல காலம் இருக்கலாம், மருந்து வருகிற அன்றைக்கு எந்த வகை என்று தெரிந்து வைத்திருந்தால் நல்லது என்றார்.

இனி உன் விஷயம். போன தை மாதம் நீ வந்திருந்தபோது கரண்ட் போனால் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டாய், அலுப்பாக இருக்கும்மா என்பாய். அங்கே மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது என்றாய். வேலை முடிந்ததும் நேரே அறைக்கு வந்துவிடுவேன், தோழிகள் கூப்பிட்டாலும் போக மாட்டேன், குளிர் என்றாய். நான் அதை உன் அத்தையிடம், சீமைக்குப் போயும் எம் பொண்ணு பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவா என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். சைக்கிளில் மோதி முழங்காலில் அடி என்றாய். பனி விழுந்தால் தெருவெல்லாம் வெளிச்சமாகிவிடும்மா, அதற்குத்தான் காத்திருக்கிறேன் என்று போன வாரம் சொன்னாய், நான் அழகைச் சொல்கிறாய் என்று நினைத்தேன். திங்கட்கிழமையிலிருந்து எனக்கு அந்த ஒரு பேச்சுதான் காதில் இருக்கிறது, பயமாக இருக்கிறது அனு. குளிரினால்தான் போகாமல் இருக்கிறாயா, இல்லை உனக்குத் தெரியவில்லையா? இனி நீ நடுராத்திரி வரை ஊர் சுற்றிவிட்டு வருகிறாய் என்று யாராவது வந்து கோள் சொன்னால் நான் அவர்களுக்குப் பாயசம் வைத்துப் போடுவேன்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்வதை இப்போதைக்கு நிறுத்து. அங்கே கண் டாக்டரிடம் போய் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கும் அப்பாவின் ரிப்போர்ட்டைக் காட்டு. தலைக்கு எண்ணெய் வை, அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு லேப்டாப்பில் உட்காராதே. நம் குலதெய்வம் உன்னைக் கைவிடாது, நானும் விடமாட்டேன், எது வந்தாலும் நீ எங்கள் பெண், உன் தலையில் ஒரு குறையும் எழுதியிருக்கவில்லை.

மழை விட்ட ராத்திரிகளில் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இப்ப என்ன தெரியுது சொல்லு என்று என்னைக் கேட்கிறார். தெற்கே ஏழெட்டு நட்சத்திரம், தென்னை மேலே ஒரு கொத்து, நடுவிலே எண்ண முடியாது என்று சொல்கிறேன். சும்மா சொல்றே, அவ்வளவா இருக்கும் என்கிறார், ஆனால் மறுநாளும் கேட்கிறார். நீயும் மேகமில்லாத ராத்திரி ஒன்றில் ஒரு தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவிளக்கு இல்லாத இடத்துக்குப் போய் மேலே பார். அவளுக்கு என்ன தெரிகிறது என்று கேள், உனக்கு என்ன தெரிகிறது என்று எனக்குச் சொல். சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று சொல்வாயே, அது மாதிரி இதைச் சொல்லாதே. ஒன்றுமே இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று சொல். வாசலில் இன்னொரு நாற்காலி இருக்கிறது, உனக்கும் சேர்த்து நான் பார்த்துச் சொல்கிறேன்.

என்றும் உன் அம்மா
தங்கமணி துரைராசு