அமோனியாவின் ஆறு பிணைப்புகள்

ராயபுரம்

அன்புள்ள அம்மாவுக்குக் கயல் எழுதுவது. உன் முதுகுவலி குறைந்ததா?

எங்கள் இறால் கம்பெனியின் குளிர் அறையில் நேற்று, குளிரூட்டப் பயன்படும் அமோனியா வாயு கசிந்தது. “இன்னாடி நின்னுகினு கீற? ஷாலை நனைச்சி மூஞ்சில கட்டிக்கினு ஓடு!” என்று உடன் வேலை செய்யும் ஃப்ளோரா அக்கா கத்தினாள். பயப்படாதே, கண் எரிச்சல் மட்டும்தான்.

தங்கை போனில் கேட்ட கணக்கும் அமோனியாதான். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அமோனியா ஆக, அவற்றின் பழைய பிணைப்புகளை உடைக்க 2253 கிலோஜூல் வேண்டும். இரண்டு அமோனியாவில் புதிதாக ஆறு பிணைப்பு உருவாகும். அவள் ஓர் அமோனியாவுக்கு உள்ள மூன்றை மட்டும் எழுதியதுதான் தப்பு. ஆறும் உருவாகும்போது 2346 வெளிவரும். மிச்சம் 93 வெப்பமாகப் போவதால் விடையில் மைனஸ் போடச் சொல்.

உன் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. என் நைலான் ஷாலில் ஈரம் நிற்பதில்லை.

பரீட்சை முடிந்ததும் அவளையும் இங்கே வேலைக்கு அனுப்புவதாகச் சொன்னாய். வேண்டாம் அம்மா. அமோனியா அவளுக்குக் கணக்கில் மட்டும் இருக்கட்டும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

கயல்