விசைமேல் ஒரு சொட்டு

அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி? “பரவால்ல” என்று மழுப்பாமல் எழுது.

என் பழைய மடிக்கணினி ஒருவழியாக மண்டையைப் போட்டுவிட்டது. “நீயே பாத்து எடு” என்று மேலாளர் அக்கா கடைக்கு அழைத்துப்போனார். கடைக்காரர் என் வெள்ளைக் கைத்தடியைப் பார்த்துவிட்டு அவரிடம், “இவங்களுக்கு என்ன வேணும்?” என்றார். “இவங்களையே கேளுங்க” என்றேன் நான். உடனே, “கலரெல்லாம் கண்ணைப் பறிக்கும் மேடம்” என்றார். “பறிக்க ஒண்ணுமில்லங்க, திரையை அணைச்சிட்டு சத்தத்தைக் காட்டுங்க” என்றேன். பாவம், அவசரமாக ஒலியைக் கூட்டி வைத்தார்.

ஒவ்வொன்றிலும், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரைப் பேசவிட்டுத் தட்டிப்பார்த்தேன். ஒன்று பூப்போல லேசாக இருந்தது. ஆனால் அதில் இன்சர்ட் விசை இல்லை. ‘படி’, ‘நிறுத்து’ என்று நாள் முழுக்க நான் அதிகாரம் செய்வது அந்த விசையை வைத்துத்தானே? கனமானதையே எடுத்தேன்.

பழையதில், நான் இந்த ஊருக்குக் கிளம்பும்போது, விரலுக்குத் தட்டுப்படட்டும் என்று அந்த விசைமேல் நீ நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துக் கொடுத்தாய். புதியதில் எல்லாமே வழுவழுப்பு. யார் வீட்டிலோ நிற்பதுபோல இருக்கிறது. நேற்று பக்கத்திலிருந்த டெலீட்டை அழுத்திவிட்டேன், தேர்ந்து வைத்திருந்த ஒரு பத்தியே போயிற்று. பயப்படாதே, திரும்ப அடித்துவிட்டேன். அக்கா, “எங்கிட்ட நெயில் பாலிஷ் இருக்கு, வெச்சு விடட்டுமா?” என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

இடைவேளை முடிந்துவிட்டது, போக வேண்டும். உன் அலமாரியில் இருக்கும் அந்த நெயில் பாலிஷ் குப்பியையே அனுப்பு. காய்ந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.

உன் பெரியவள்