அறுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓர் அண்ணன்

ஓவ்லு,
ஜனவரி 11

அன்புள்ள சைமி,

வடதுருவத்துக்குச் சற்றுக் கீழே, சைக்கிள் சக்கரவர்த்தியின் அரண்மனையிலிருந்து (மூன்றாம் மாடி, வலதுபக்கக் கதவு) உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நலம். மைனஸ் பதினெட்டு. நேற்று பால்கனியில் நின்று தும்மினேன். தும்மல் கீழே விழுந்து உடைந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு லெம்பி அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

முக்கியச் செய்தி, புது டயர் போட்டாயிற்று. பனியில் வழுக்காமலிருக்க ஒன்றில் முந்நூறு ஆணி, இரண்டுக்கும் சேர்த்து அறுநூறு. நான் தெருவில் போனால் தபால் நிலையத்துக்குள் இருப்பவர்களுக்குப் பல் கூசுகிறது.

திட்டத்தைக் கேள். வீட்டிலிருந்து கடற்கரைக்கு முப்பது கிலோமீட்டர். உறைந்த கடல்மேல் பத்து. தீவில் ஏறினால் உன் அப்பா வீட்டு வாசல்வரை இருபத்திரண்டு. ஆக அறுபத்திரண்டு. வரைபடம் சாப்பாட்டு மேசையை முழுதாகப் பிடித்துக்கொண்டதால் நான் நின்றபடியே சாப்பிடுகிறேன். உட்காரவும் மனசு இல்லை, அது வேறு.

ஞாயிறு தவறாமல் கரைவரை ஓட்டிப்போய், கடல்பனியின் கனத்தை எழுதி வைக்கும் பலகையைப் பார்த்து வருகிறேன். கடலில் துளை போட்டுப் பனியின் கனத்தை அளப்பது இன்னும் உன் அப்பாதான். இந்த வாரம் படகில் இக்கரைக்கு வந்து சுண்ணக்கட்டியால் 14 என்று எழுதியிருக்கிறார், சென்டிமீட்டர் கணக்கு. 1 என்ற எண்ணுக்குத் தலையில் கொக்கி போடுவது அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம். பதினொரு வருஷமாக அண்ணன் கையெழுத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்தப் பலகைதான்.

நான் வருவதாக அவரிடம் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை. சொன்னால் என்ன பதில் சொன்னார் என்று எழுது.

உன் சித்தப்பா,
தௌனோ


தாம்பெரே,
ஜனவரி 20

அன்புள்ள சித்தப்பா,

கடிதம் கிடைத்தது. பேருந்தில் படித்துச் சிரித்தேன், எதிரில் இருந்தவர் முறைத்தார்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வரட்டும். கதையை மட்டும் கரையிலேயே இறக்கி வெச்சுட்டு வரச் சொல்லு." அப்புறம், கார் போக நாற்பது சென்டிமீட்டர் பனி வேண்டும், ஆனால் தௌனோவுக்கும் அவன் சைக்கிளுக்கும் பதினைந்தே தாராளம் என்றார். படகும் பனியை உடைத்து வழி போட்டுக்கொண்டு தினம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் எதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள், சித்தப்பா?

இன்னொரு செய்தி. அப்பாவின் இடுப்பு மோசமாகிவிட்டது. மார்ச் கடைசியில் வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இருக்கப்போகிறார். தீவில் உங்களுக்காகத் திறக்க அந்தக் கதவு இருப்பது இந்தக் குளிர்காலம் மட்டும்தான்.

இதுவரை கேட்காததை இப்போது கேட்கிறேன். அம்மாவை அடக்கம் செய்த அன்று, சைக்கிளிலேயே வந்து சேர்வேன் என்று வாக்குக் கொடுத்திருந்தீர்கள். முதல் வரிசையில் அப்பா பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டு வைத்திருந்தோம். அரை மணி நேரம் பாதிரியாரைக் காக்க வைத்தார் அப்பா. நீங்கள் வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில், கடல் நான்கு மீட்டர் அகலத்துக்குப் பிளந்துவிட்டது, பிளவிலிருந்து ஒரு கடல்நாய் எட்டிப் பார்த்துத் தலையாட்டியது என்றீர்கள். அன்று காலை அப்பா தன் கையால் துளை போட்டு அளந்திருந்தார். ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர்.

உண்மையில் என்ன நடந்தது?

அன்புடன்,
சைமி


ஓவ்லு,
பிப்ரவரி 2

அன்புள்ள சைமி,

இந்த வருஷக் குளிர்காலத்துக்கு மூளை குழம்பிவிட்டது. சனிக்கிழமை மழை. ஜனவரியில் மழை, நீயே சொல். திங்களன்று மறுபடி மைனஸ் இருபது. சைக்கிள் பாதை முழுக்கக் கண்ணாடி. குனிந்தால் என் தாடியைச் சீவிக்கொள்ளலாம். ஊரில் அத்தனை பேரும் விழுந்தார்கள். மேயர் இரண்டு தடவை. நான் மட்டும் விழவில்லை, அறுநூறு ஆணி.

பலகையில் 21. ஆனால் காற்று வடமேற்கிலிருந்து வீசுகிறது. அது தென்கிழக்காகட்டும், முதுகில் தள்ளும். போதாததற்கு விளக்கு சரியில்லை, கையுறையும் போதாது. வழியை மூன்று முறை மாற்றி வரைந்துவிட்டேன். காலை காபிக்கு முன் ஆற்றங்கரையில் ஒரு சுற்று, பிறகு ஒரு சுற்று, மத்தியானம் ஒன்று. நேற்று வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த லெம்பி அம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"தௌனோ, மறுபடி எங்க கிளம்பிட்டீங்க?"

"தீவுக்கு ஒத்திகைம்மா."

"பதினோரு வருஷமா ஒத்திகை. நாடகம் எப்போ?"

அந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம்.

நீ கேட்ட கேள்வி வந்து சேர்ந்தது. கடல்நாய் விஷயத்தில் ஒரு சிறு திருத்தம், ஒன்றல்ல, இரண்டு என்று இப்போது நினைவு வருகிறது.

உன் சித்தப்பா,
தௌனோ


தாம்பெரே,
பிப்ரவரி 19

சித்தப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்து இந்த முறை சிரிப்பு வரவில்லை.

மருத்துவமனையில் தேதி முன்னால் வந்துவிட்டது. மார்ச் ஒன்பதாம் தேதி இடுப்பு அறுவைச் சிகிச்சை. ஏழாம் தேதி வண்டி வைத்து அப்பாவை அழைத்து வந்துவிடுவேன். அப்புறம் நீங்கள் அறுபத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டிப்போனாலும் அங்கே வேறு யாரோதான் கதவு திறப்பார்கள்.

போன வாரம் தீவுக்குப் போயிருந்தேன். உறைந்த கடல்மேல் போடும் பனிப்பாதையை இந்த வருஷம் கார்களுக்குத் திறப்பது சந்தேகமாம். ஆனாலும் அப்பா அந்த இடுப்போடு சறுக்குவண்டியில் ஊசியிலைக் கிளைகளைக் கட்டி இழுத்துப்போய், எப்போதும்போல் ஐம்பது அடிக்கு ஒன்றாகக் கடல்மேல் நட்டுக்கொண்டு வருகிறார்.

"திறக்காத பாதைக்கு எதுக்குப்பா அடையாளம்?" என்றேன்.

"வர்றவன் வழி தப்பக் கூடாதுல்ல."

"யாருப்பா வர்றா?"

"காபி ஆறுது, குடி" என்றார்.

சைமி


ஓவ்லு,
பிப்ரவரி 24

அன்புள்ள சைமி,

கடல் பிளக்கவில்லை. கடல்நாயும் இல்லை.

அடக்கத்துக்கு முந்தின நாள் சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, உன் அம்மா ஹெல்விக்காகக் கைப்பிடியில் கறுப்பு நாடா கட்டினேன். அவ்வளவு அழகாக இருந்தது. வெளியே மைனஸ் இருபத்தேழில் கொட்டகையில் நிறுத்த மனசு வரவில்லை. மூன்று மாடி தூக்கி வந்து சமையலறையில் அடுப்புப் பக்கத்தில் வைத்தேன்.

குளிர்காலச் சைக்கிளைச் சூட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். உள்ளே வந்தால் வியர்க்கும். அந்த ஈரம் பின்சக்கரத்து ஃப்ரீவீலுக்குள் இறங்கும். வெளியே போனதும் உறையும். பாதி ஊருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

கடலின் நடுவே, கரையிலிருந்து ஆறாவது கிலோமீட்டரில், மிதி சும்மா சுற்றியது. சங்கிலி ஓடுகிறது, சக்கரம் அசையவில்லை. கறுப்பு நாடா கட்டின சைக்கிளோடு நின்றேன். ஒரே இடத்தில் கனம் நின்றால் பனி விரியும் என்று பனிப்பாதையில் வண்டியை நிறுத்தக் கூடாது, உனக்கே தெரியும். ஆனாலும் ஒருவர் எனக்காக நிறுத்தினார்.

"ஏறுங்க, தீவுல எங்க விடணும்?"

"வேண்டாம். சும்மா கொஞ்சம் ஓய்வு எடுக்கிறேன். நீங்க போங்க."

இதுதான் நடந்தது. ஏறியிருந்தால் அரை மணியில் வந்திருப்பேன். சாவு வீட்டில் இறங்கி, சைக்கிளை அடுப்பில் காயவைத்தேன் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்று ஏறவில்லை. தள்ளிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன். என்னைச் சுமந்து போயிருக்க வேண்டிய கார் தீவுப் பக்கம் சின்னதாகிக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அந்த ஆறாவது கிலோமீட்டர்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். இது யாருக்கும் தெரியாது. லெம்பி அம்மாளுக்குத் தெரியும்போல.

அப்பாவிடம் நீ சொல்ல வேண்டாம். நானே சொல்ல வேண்டும். சனிக்கிழமை கிளம்புகிறேன். காற்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வீசட்டும். சைக்கிள் கொட்டகையில்தான் இருக்கிறது.

தௌனோ சித்தப்பா


தீவு,
மார்ச் 2

அன்புள்ள சைமி,

இதை உன் அப்பாவின் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பதைக் கவனி.

நேற்றுக் காலை கிளம்பினேன். பலகையில் 41. எதிர்க்காற்று. நான்கு தடவை விழுந்தேன். ஆணிகளை எண்ணிப் பார்த்தேன், இரண்டு டயருக்கும் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டுதான். ஆறாவது கிலோமீட்டர் வந்தபோது மிதியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நிமிர்ந்தால் ஏழாவதில் இருந்தேன். கிளைகள் நேராக வரிசையாகத் தெரிந்தன.

அண்ணன் தீவுக் கரையிலேயே சறுக்குவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நரைத்துவிட்டார், இவ்வளவு நரைப்பார் என்று நினைக்கவில்லை.

"பனி எவ்ளோ?" என்றார்.

"நாப்பத்தொண்ணு. நீங்கதானே எழுதினீங்க."

"வழியில கடல்நாய் ஏதாச்சும்?"

"இல்லண்ணே."

அங்கேயே, சைக்கிளிலிருந்து இறங்காமலே, எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு, நாடா, நின்ற கார். கடைசியில் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"கார் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"ம்" என்று திரும்பி நடந்தார். பக்கத்து வீட்டு வேன் சைக்கிளோடு எங்களை ஏற்றிக்கொண்டது. இரவு மீன் சூப் வைத்தார். உப்பு அதிகம். சொல்லவில்லை. மறுநாள் காலை கிளம்பிவிடுகிறேன் என்றேன். "உன் இஷ்டம்" என்றார். சைக்கிளை வெளியே சுவரோரம் சாத்திவிட்டுப் படுத்தேன்.

இன்று காலை எழுந்து வந்தால், சைக்கிள் சமையலறையில் நிற்கிறது. அடுப்பை ஒட்டி. கீழே ஒரு குளம் தண்ணீர். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு நான்கு படி எப்படித் தூக்கினார் என்று தெரியவில்லை.

"அண்ணே, என்ன பண்ணிட்டீங்க. வெளிய எடுத்தா ஃப்ரீவீல் உறைஞ்சுடும். இப்போதைக்கு இது நகராது."

அவர் இரண்டு கோப்பைகளில் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

ஏழாம் தேதி நீ வரும்போது வண்டியில் ஒரு சைக்கிளுக்கும் இடம் பார்த்து வை. அதுவரை எனக்கு எழுதுவதென்றால் இந்த முகவரிக்கே எழுது.

உன் சித்தப்பா,
தௌனோ