சராசரி மழை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா, இல்லை அம்மாவுக்கு டிமிக்கி கொடுக்கிறீர்களா?

இங்கே நாங்கள் ஆற்றின் நீர்மட்டம் பார்க்கும் அளவுகோல் பாலத்துத் தூணில் இருக்கிறது. கோடையில் ஆறு வருடா வருடம் இறங்கி, இப்போது கோலின் அடிக்கும் கீழே ஓடுகிறது. அதனால் போன வாரம் இன்னும் பள்ளத்தில் புதுக் கோல் ஒன்று நடப் போனோம். நட்டு முடிப்பதற்குள், மேலே எங்கோ கொட்டிய மழை வெள்ளமாக வந்துவிட்டது.

"கோல விடும்மா, மேல ஏறு!" என்று இன்ஜினியர் கத்தினார். ஏறிவிட்டேன். போனது செருப்பு மட்டும்தான், பயப்படாதீர்கள். புதுக் கோலோடு பழைய கோலும் முழுகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், வருட மழையைக் கூட்டிப் பார்த்தால் அந்தக் காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. மாதக்கணக்கில் பெய்தது இப்போது நாலு நாளில் கொட்டித் தீர்க்கிறது. மீதி நாளெல்லாம் காய்கிறது. சராசரி மட்டும் ஒன்றும் தெரியாததுபோல அப்படியே நிற்கிறது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய செருப்பைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்கியது கடிக்கிறது. உங்கள் சட்டை ஒன்றையும் சேர்த்து வையுங்கள், கோல் துடைக்க. துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை.

ஜீப் ஹாரன் அடிக்கிறது. உடம்பு எப்படி என்று போனில் கேட்டால் "பரவாயில்லம்மா" என்கிறீர்கள். அது சராசரி, அப்பா. செருப்பு போன கதையை நான் மறைக்காமல் சொல்லிவிட்டேன். எந்த ராத்திரி மூச்சு முட்டியது என்று நீங்களும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்