பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய கர்ப்பிணிக்கு மருத்துவர் யார்?

அனுப்புநர்:
மின்தூக்கிப் பாதுகாப்பு ஆய்வாளர்,
(இம்மருத்துவமனை நடத்தும் கர்ப்பகால ஆய்வில் பங்கேற்கும் பெண் ஒருவரின் தந்தை)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு,
மகளிர் மருத்துவமனை.

பொருள்: ஆய்வுக்கான ஸ்கேனில் ஐயம் எழுந்ததாகத் தெரிந்தும் விவரம் தெரிவிக்கப்படாமை, வெளிநோயாளர் பிரிவிலும் மருத்துவர் பார்க்க இயலாத நிலை, இன்றே ஒரு மருத்துவரைப் பொறுப்பாக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

1. ஆய்வு தொடர்பான கடிதங்களில் பங்கேற்பாளரின் பெயர் இடம்பெறலாகாது என்று ஒப்புதல் படிவம் கூறுகிறது. ஆகவே என் மகளின் பெயரையும், அதை எளிதில் கண்டுபிடிக்க உதவும் என் பெயரையும் தவிர்த்துள்ளேன். அவளுடைய ஆய்வு எண் தனி உறையில் இணைக்கப்பட்டுள்ளது.

2. என் மகளுக்கு இது இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, அன்றே இறந்துவிட்டது. அதற்கு முந்தைய வாரம் வரை ஒவ்வொரு பரிசோதனையிலும் "எல்லாம் நல்லா இருக்கு" என்றே சொல்லப்பட்டது. குறைமாதப் பிரசவம் ஏன் நேர்கிறது என்று கண்டறியும் ஆய்வு இங்கு மூன்றாம் மாடியில் நடப்பதை அறிந்தபோது, எவரும் வற்புறுத்தாமல் அவளே சென்று சேர்ந்தாள். "எனக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு யாருமே சொல்லலப்பா. அடுத்து வர்றவங்களுக்காவது சொல்லட்டும்" என்பது அன்று அவள் கூறிய காரணம்.

3. இந்த ஆய்வில் மருந்து ஏதும் தரப்படுவதில்லை. வாரந்தோறும் ஸ்கேன் மூலம் கருப்பை வாயின் நீளம் அளக்கப்படுகிறது; அது குறைந்தால் குழந்தை முன்கூட்டியே பிறந்துவிடக்கூடும் என்கிறார்கள். அந்த அளவு பங்கேற்பாளருக்குச் சொல்லப்படுவதில்லை. திரையும் அவர் கண்ணில் படாதபடி திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. சொன்னால் அவரவர் தமக்குத் தோன்றிய சிகிச்சையை நாடுவர், ஆய்வின் முடிவு பிறழும் என்று விளக்கினார்கள். அந்த விளக்கம் எனக்கு நியாயமாகவே பட்டது. இவ்விதியை எதிர்த்து நான் இம்மனுவை எழுதவில்லை.

4. சிக்கல் தொடங்கியது பச்சை ஸ்டிக்கரில். ஆய்வில் சேர்ந்தவர்களை அடையாளம் காண அவர்களுடைய கர்ப்பகால அட்டையின் மேல் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது. அதன் நோக்கம் அவ்வளவே என்று ஆய்வு ஒருங்கிணைப்பாளர் கூறுகிறார். ஆனால் தரைத்தளத்து வெளிநோயாளர் பிரிவில் சீட்டு கொடுப்பவர், அந்த ஸ்டிக்கரைக் கண்டதும் அட்டையைத் திருப்பிக் கொடுத்து மாடிக்கு அனுப்பிவிடுகிறார். "பச்சை ஸ்டிக்கரெல்லாம் வி.ஐ.பி. ஆச்சேம்மா! வாராவாரம் பெரிய மெஷின்ல பாக்குறாங்க, இங்க வந்து எதுக்குக் கால் கடுக்க நிக்கிறீங்க?" என்று அவர் சிரித்தபடி சொன்னதை நானே கேட்டேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கூட்டத்தைக் குறைக்கவும், கர்ப்பிணிகளை அலைக்கழிக்காதிருக்கவும் சொன்னார். நாங்களும் நம்பினோம். வாராவாரம் ஸ்கேன் எடுக்கப்படுகிறது, இதைவிடச் சிறந்த கவனிப்பு வேறென்ன என்று மகிழ்ந்தும் போனோம். அதன் விளைவாக, ஆய்வில் சேர்ந்த நாள் முதல் என் மகளை ஒரு மருத்துவர்கூடப் பார்க்கவில்லை. இரத்த அழுத்தமும் எடுக்கப்படவில்லை. மாடியில் அளப்பது ஒன்றே ஒன்றைத்தான் என்பது எங்களுக்கு உறைக்க இவ்வளவு காலம் ஆகிவிட்டது.

5. கடந்த வெள்ளிக்கிழமை ஸ்கேன் எடுக்கும் அம்மையார், வழக்கமாக என் மகளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே வேலையை முடிப்பவர், திடீரென்று பேச்சை நிறுத்தினார். அதே இடத்தை மீண்டும் அளந்தார். வெளியே சென்று மூத்தவர் ஒருவரை அழைத்து வந்தார். இருவரும் திரையைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினர். பின்னர் என் மகளின் வயிற்றைத் துடைத்துவிட்டு, "அடுத்த வாரம் வந்துடும்மா" என்று மட்டும் கூறினர். எழுந்திருக்கும்போது அந்த அம்மையார் என் மகளின் கையைப் பிடித்து, "கனமா எதையும் தூக்காத கண்ணு" என்றாராம். இந்த ஒரு வாக்கியம் அன்றுமுதல் எங்கள் வீட்டில் எவரையும் உறங்கவிடவில்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சொல்லும் அறிவுரையா அது, அல்லது விதியை மீறாமல் அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதானா என்று எங்களால் பிரித்தறிய இயலவில்லை.

6. திங்கட்கிழமை ஒருங்கிணைப்பாளரைச் சந்தித்தேன். "நாங்க பாக்குறது ஆய்வுக்குத்தான் சார், வைத்தியத்துக்கு இல்ல. சந்தேகம்னா கீழ டாக்டரைப் பாருங்க" என்றார். கீழே வந்தோம். சீட்டு கொடுப்பவர் மேலே அனுப்பினார். என் வீட்டின் அருகிலுள்ள தனியார் மகப்பேறு மருத்துவர், அட்டையைப் பார்த்ததும், ஆய்வில் என்ன செய்கிறார்கள் என்று எழுத்தில் தெரியாமல் தாம் தலையிட மாட்டேன் என்றார். மருந்து எதுவுமில்லை என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. அதை எழுத்தில் தரும்படி கேட்டு மீண்டும் மாடிக்குப் போனேன். எழுதிக் கொடுப்பதற்குத் தங்கள் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று விடை கிடைத்தது. என் மனைவி, "லிஃப்டைச் சோதிக்கிற மனுஷனை இப்படி லிஃப்ட்ல ஏத்தி எறக்கி விளையாடுறாங்களே" என்று சிரிக்கப் பார்த்தாள்.

7. ஒப்புதல் படிவத்தின் ஒன்பதாம் பத்தியைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். உடனடிச் சிகிச்சை தேவைப்படும் நிலை காணப்பட்டால் "பங்கேற்பாளரின் மருத்துவருக்கு" அது தெரிவிக்கப்படும் என்று அதில் உள்ளது. இது நல்ல விதி. ஆனால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டபின் என் மகளின் மருத்துவர் யார்? தரைத்தளம் தான் அல்ல என்கிறது. மூன்றாம் மாடியும் தான் அல்ல என்கிறது. ஆய்வுக் குழுவினர் தெரிவிக்கவே விரும்பினாலும், அதைக் கேட்டுக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

8. என் பணி மின்தூக்கிகளைச் சோதிப்பது. கம்பி வடத்தை மட்டும் சோதிக்கும்படி எனக்கு உத்தரவு வந்திருக்கலாம். சென்ற இடத்தில் கதவு மூடாமல் மேலேறும் மின்தூக்கியைக் கண்டால், கதவு என் உத்தரவில் இல்லை என்று எழுதிவிட்டு நான் படியிறங்கி வர முடியாது. கட்டடப் பொறுப்பாளரைத் தேடிப் பிடித்துச் சொல்லும்வரை அங்கேயே நிற்பேன். பொறுப்பாளர் என்று ஒருவர் இருப்பதால்தான் என்னால் அதையும் செய்ய முடிகிறது.

9. என் மகள் இப்போது நாற்காலியிலிருந்து எழுவதற்கும் யோசிக்கிறாள். தண்ணீர்க் குவளையை எடுப்பது கனமானதைத் தூக்குவதில் சேருமா என்று என்னிடம் கேட்கிறாள். வெளியூர்ப் பணியிலிருக்கும் மாப்பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது மட்டும், "ஒண்ணுமில்லங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். முதல் குழந்தையை இழந்த வாரத்தை அவளுடைய கர்ப்பம் இப்போது எட்டியிருக்கிறது.

10. ஆகவே தங்களிடம் பணிந்து கோருவன:

அ) ஆய்வோடு தொடர்பில்லாத மகப்பேறு மருத்துவர் ஒருவர் வெள்ளிக்கிழமைப் படங்களை இன்றே பார்த்து, என் மகளையும் நேரில் பரிசோதித்து, சிகிச்சை தேவையா இல்லையா என்று சொல்ல வேண்டும். அளவு எவ்வளவு என்று எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆய்வின் இரகசியம் அப்படியே இருக்கட்டும்.

ஆ) பிரசவம்வரை அவளுக்கு வெளிநோயாளர் பிரிவில் ஒரு மருத்துவர் பொறுப்பாக்கப்பட வேண்டும். மாடியின் வரிசையில் இன்னும் பல பச்சை ஸ்டிக்கர்களைக் கண்டேன். அவர்களுக்கும் இதே ஏற்பாடு தேவை. தங்களைக் கீழே எவரும் பார்ப்பதில்லை என்பதை அவர்களில் பலர் இன்னும் உணரவில்லை.

இ) ஸ்கேன் எடுக்கும் அம்மையார் மீதோ, சீட்டு கொடுப்பவர் மீதோ நடவடிக்கை வேண்டாம். "அப்பா, அந்த அக்காவுக்கு மட்டும் எந்தக் கெடுதலும் வந்துடக் கூடாது" என்று என் மகள் உறுதி வாங்கிக்கொண்ட பின்னரே இம்மனுவை எழுத அனுமதித்தாள். ஆய்விலிருந்து விலகவும் அவள் விரும்பவில்லை.

11. தங்கள் குழு மாதக் கடைசியில் கூடுமென்றும், மனுக்கள் அப்போதுதான் பரிசீலிக்கப்படுமென்றும் அலுவலகத்தில் தெரிவித்தார்கள். அதுவே முறை என்பதை அறிவேன். என் பணிக்காலம் முழுவதும், முறையைத் தாண்டி ஒரு காரியம் செய்து தாருங்கள் என்று எந்த அதிகாரியிடமும் நான் கேட்டதில்லை. இன்று தங்களிடம் கேட்கிறேன்.

இதற்கான பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டியதில்லை. தங்கள் அறைக்கு வெளியே, சன்னலோரப் பெஞ்சில், தாயின் தோளில் சாய்ந்து என் மகள் அமர்ந்திருக்கிறாள். கதவைத் திறந்து கூப்பிட்டால் போதும். மெல்ல நடந்து வருவாள்.

தங்கள் பதிலுக்காக வாசலில் காத்திருக்கும்,

(ஒப்பம்)
கர்ப்பிணியின் தந்தை

நாள்: செவ்வாய்க்கிழமை, முற்பகல்
இடம்: மகளிர் மருத்துவமனை, நிர்வாகப் பிரிவுத் தாழ்வாரம்

இணைப்பு: ஆய்வு எண் (மூடிய உறையில்), கர்ப்பகால அட்டையின் நகல், ஒப்புதல் படிவத்தின் ஒன்பதாம் பத்தியின் நகல்.