நாலு குரலுக்கு ஒரு கை

அக். 7, செவ்வாய்
காலையில் வெயில். இரண்டு மணிக்குமேல் இடி. பக்கவாதம் வந்து எட்டு மாதம், இடது கை இன்னும் மரக்கட்டை. மாதா கோயிலில் ஆர்கன் வாசித்த பதினாறு வருஷமும் அதோடு முடிந்தது என்றே நினைத்திருந்தேன்.

மேசையில் இப்போது ஒரு பழைய சிந்தசைசர், பல வாத்திய ஒலிகள் தரும் மின்சாரக் கீபோர்டு. பதுளையில் ரேடியோக் கடை வைத்திருக்கும் நசீர் நானா திருத்திக் கொடுத்தது. ஒவ்வொரு குரலாகப் பதிந்து அடுக்கலாம். நான் எடுத்திருப்பது நான்கு குரல்கள், அதாவது நான்கு மெட்டுகள், ஒன்றையொன்று துரத்தும் பழைய ஐரோப்பிய பரோக் இசை. ஆர்கனில் இரு கைகளும் கால்களும் வேண்டும். இதில் வலது கை போதும், நாலு தடவை.

முதல் குரலுக்குப் புல்லாங்குழல் ஒலி. இரண்டாவதுக்கு ஜலதோஷம் பிடித்த வாத்து மாதிரி ஒன்று. சிரிப்பு வந்தது. அதையே வைத்தேன்.

வாங்க: பிரஷர் மாத்திரை, வெங்காயம், சவர்க்காரம்.

அக். 8, புதன்
மூன்றாவது குரல் பாதியில் கரண்ட் போனது. எதையும் சேவ் பண்ணவில்லை. மூன்றும் போச்சு. அழுதேன்.

தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அருள் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரியில நீ கண்ணத் தொறப்பியான்னு பாத்துக்கிட்டு கெடந்தேன். இப்ப பாட்டு போச்சுன்னு அழுவுற. எனக்கு இது போதும் ஸ்டெல்லா."

தேத்தண்ணி போட்டுத் தந்தார். சீனி அதிகம்.

நானாவுக்கு போன். "ஒவ்வொண்ணும் முடிய சேவ் பட்டன அமத்துங்க டீச்சர். பஸ்ஸில ஒரு பேட்டரிப் பெட்டி அனுப்புறன், கரண்ட் போனாலும் ஓடும். கடையில சும்மாதான் கிடக்கு."

அக். 10, வெள்ளி
பெட்டி வந்தது. மழை. கரண்ட் இரண்டு தடவை போயும் நான் நிறுத்தவில்லை. மூன்று குரலும் மறுபடி, முன்பைவிட நன்றாக.

நாலாவதான அடிக்குரல் கடைசியில் ஒரே சுரத்தில் வெகுநேரம் நிற்கும். மேலே மற்றவை எவ்வளவு ஓடினாலும் அசையாது. அதுவரை வலது கையால் பதிந்துவிட்டு, இடது கையைத் தூக்கிக் கீபோர்டுக் கட்டைமேல் வைத்துப் பார்த்தேன். கையின் கனத்தில் சுண்டுவிரல் அமுங்கியது. அந்தச் சுரத்தை மட்டும் பதியவில்லை. கோயிலில் நேரடியாக வாசிப்பேன்.

அக். 12, ஞாயிறு
வெயில். பூசை முடிந்ததும் வாசித்தேன். கொழுந்தெடுக்கும் கமலா அக்கா வாசலில் பிடித்துக்கொண்டார். "ராக்கெட்டு எறங்குன மாதிரி இருந்துச்சு டீச்சர். ஆனா அழுவ வந்துருச்சு."

நடந்தது இது. மூன்று குரலும் ஓய்ந்த பிறகும் சுண்டுவிரல் எழவில்லை. சுரம் நீண்டுகொண்டே போனது. யாரும் அசையவில்லை. வலது கையால் தூக்கிவிடப் போனேன். அதற்குள் விரல் தானாக எழுந்தது.

எட்டு மாதத்துக்குப் பிறகு விரல் அசைந்தது அருளுக்கு இன்னும் தெரியாது. அடுப்படியில் இருக்கிறார். இதோ போய்ச் சொல்ல வேண்டும்.