வயர் இல்லாத வீடு

நவம்பர் 4, திங்கள்

அறுந்த வயர் இன்னும் ஜன்னல் ஓரம் தொங்கிக்கொண்டிருக்கிறது. நிஷா அக்கா கல்யாணத்துக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டு விளையாட்டு விடுதிக்கே திரும்பிப் போனாள். மறுநாள், அவளைக் கட்டிக்கொள்ள இருந்த அத்தை மகன் வசந்த்குமார் வந்து எங்கள் வீட்டுக் கேபிளை அறுத்துவிட்டுப் போனான். இந்தப் பக்கத்துக்கெல்லாம் கேபிள் கொடுப்பவன் அவன்தான். முறைப்பெண் இருக்கிற வீடு என்று எங்களிடம் மட்டும் காசு வாங்கியதில்லை. பெண் இல்லை என்றால் வயரும் இல்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

வருத்தமெல்லாம் நைனாவுக்கு. கரும்பு வெட்டிவிட்டு வந்து, குளித்து, டிவி முன்னால் உட்கார்ந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இப்போது அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பழைய டிவி. அக்காவிடம் அவர் பேசுவதில்லை. அவள் போன் பண்ணினால் எழுந்து வெளியே போய்விடுவார்.

இன்று சிட்டம்மாள் அத்தை வந்தாள். அம்மாவிடம் பேசிக்கொண்டே அடுப்படியில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"பெரியவ போனா போறா. சின்னவ கீறா இல்ல? கிறிஸ்மஸ் அன்னிக்கு வந்து பூ வச்சிட்டுப் போறேன். பதினெட்டு முடியட்டும், கல்யாணத்த அப்பால பாத்துக்கலாம். வயரையும் அன்னிக்கே இழுத்துக் குடுத்துடுவான்."

நைனா, "பாப்போம்" என்றார். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு வாய் வந்திருக்குமா? ஒன்பதாவதோடு நான் நின்றதற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம். எழுந்து நின்று ஒப்பிக்கச் சொல்வார்களே என்ற பயம் இன்னொரு காரணம். அது யாருக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். அந்த வயர் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது.

நவம்பர் 6, புதன்

நான் வேலைக்குப் போகிற தேவகி அக்காவின் தையல் கடையில் ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தபோது நிஷா அக்கா கடை போனுக்குக் கூப்பிட்டாள். அழாமல் சொல்லி முடித்துவிட்டேன். அவள், "நைனாவுக்கு டிவிதானே வேணும்? வயர் இல்லாமலே டிவி பாக்கலாம்டி" என்றாள். அவர்கள் விடுதியில் அப்படித்தானாம். மாடியில் ஒரு டிஷ் குடை, டிவி பக்கத்தில் ஒரு பாக்ஸ். மாசா மாசம் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம். தூர்தர்ஷன்காரர்களே சும்மா கொடுப்பதாம்.

சும்மா கிடைப்பது என்றால் யாரும் பதிலுக்குப் பெண் கேட்க மாட்டார்கள் இல்லையா?

நவம்பர் 8, வெள்ளி

தேவகி அக்கா வீட்டு மாடியில் பழைய குடை ஒன்று கிடந்தது. போன கோடை வரைக்கும் அதில் வடகம் காய வைத்தார்களாம். ஓரத்தில் கஞ்சி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தேய்த்துக் கழுவி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர், "இன்னாம்மா, சோறு வடிக்கவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 9, சனி

பாக்ஸ் வாங்க உத்திரமேரூர் கடைத்தெருவில் முனிரத்தினம் எலெக்ட்ரிகல்ஸ் வாசலைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தேன். கடைசியில் அவரே கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார். தையல் காசில் சேர்த்ததைக் கொடுத்தேன். மாட்ட ஆள் அனுப்பட்டுமா என்றார். சரி என்று தலையாட்டினேன்.

"உங்க ஊர்ப் பக்கம்னா வசந்த்குமார்தான் வருவான். நல்ல பையன்."

வேணாம் சார், நாங்களே மாட்டிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் மேலே ஏறினேன். எங்களுடையது தொகுப்பு வீடு, தளம் ஒழுகும், ஆனால் குழாய் நட இடம் உண்டு. செங்கல் அடுக்கி, கம்பி சுற்றி, குடையை நிறுத்தினேன். எந்தப் பக்கம் திருப்புவது? பாஸ்டர் வீட்டுக் குடை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்.

அம்மாவை டிவி முன்னால் உட்கார வைத்தேன். திரையில் சிக்னல் காட்டும் இரண்டு கோடு. மேல் கோடு எப்போதும் நிறைந்திருக்கும், அது கணக்கில்லை. கீழ்க் கோடு சிவப்பிலிருந்து பச்சையாக வேண்டும். அம்மா ஒவ்வொரு தடவையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இன்னும் செவப்பாத்தான் கீது சோபியா" என்று கத்தினாள். கீழே கூட்டம் கூடிவிட்டது. யாரோ, "கப்பல் ஓட்டறா பாரு" என்றார்கள். இருட்டும் வரைக்கும் சிவப்புதான்.

நைனா வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நவம்பர் 12, செவ்வாய்

முனிரத்தினத்திடம் இன்று நானே போய்க் கேட்டேன். கேட்டுவிட்டேன்! பாஸ்டர் வீட்டுக் குடை வேறு கம்பெனியாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் வானத்தில் ஒவ்வொரு இடம். "அடுத்தவன் வூட்டுக் கொடைய பாத்துத் திருப்பினா அவன் படம் கூட வராதும்மா. தெக்கும் கெயக்கும் சேர்ற மூலையப் பாரு. நல்லா மல்லாத்து" என்றார். எங்கள் காலனியில் எல்லோருமே அடுத்த வீட்டைப் பார்த்துத்தான் எதையும் திருப்புகிறோம்.

நவம்பர் 17, ஞாயிறு

இந்தத் தடவை அம்மாவுக்கு வாய் கிடையாது என்று சொல்லிவிட்டேன். தட்டும் கரண்டியும் கொடுத்தேன். சிவப்பு என்றால் ஒரு தட்டு, பச்சை என்றால் விடாமல் தட்டு. தென்கிழக்கு. மல்லாத்தி, நகம் அளவு நகர்த்தி, நிறுத்தி, காத்திருந்து. டங். டங். டங். பக்கத்து வீட்டில், "சோத்துக்கு அடிச்சிக்கிறாங்க போல" என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

திடீரென்று தட்டு நிற்கவே இல்லை.

நான் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

நைனா பார்த்தார். தமிழில் வருவது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் இந்தி. மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இந்திக்காரனே பேசிக்கினு கீறான்" என்று ரிமோட்டைப் போட்டார். அவர் பார்க்கிற நாடகம் இதில் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

அத்தை வந்திருந்தாள். "இன்னா அண்ணே, இந்தி கத்துக்கினியா?" என்று ஒரே சிரிப்பு. நைனாவும் சிரித்தார். போகும்போது, "பூவுக்குச் சொல்லிட்டேன்" என்றாள். நைனா தலையாட்டினார்.

அவ்ளோதானா? இதுக்கா நான் ஏறினேன், எறங்கினேன், ஊரு பூரா சிரிச்சுதே? அம்மாகிட்ட சொன்னேன், நைனாகிட்ட சொல்லும்மான்னு. நீயே சொல்லுன்றா. நானே சொல்றதா இருந்தா உங்கிட்ட ஏன் சொல்லப்போறேன்?

டிவி வந்தது. நைனா என் பக்கம் வரவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

புயல் மழை. கரண்ட் இல்லை. மழை விட்டதும் ஏறிப் பார்த்தேன். குடை அசையவே இல்லை.

டிசம்பர் 9, திங்கள்

அக்காவின் அணி அகில இந்திய கோ-கோ போட்டிக்குப் போகிறது. வருகிற ஞாயிறு மத்தியானம் அவர்கள் ஆட்டத்தை தூர்தர்ஷனின் விளையாட்டுச் சேனலில் காட்டுவார்களாம். அது நம் பாக்ஸில் வருகிறது. வசந்த்குமார் கேபிளில் வராது, தேவகி அக்கா வீட்டில் கேட்டுவிட்டேன்.

அக்கா ஆடுவதை நைனா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஓடிப் போனவள் என்றுதான் அவள் நைனாவின் மனசில் இருக்கிறாள். எங்கே ஓடினாள் என்று பார்க்கட்டும். பார்த்தும் மாறவில்லை என்றால் கிறிஸ்மஸுக்கு நான்தான் வாயைத் திறக்க வேண்டும்.

டிசம்பர் 14, சனி

கடையிலிருந்து வந்தால் டிவியில் படமே இல்லை. மேலே பார்த்தேன். சபை வாலிபர்கள் வீட்டுக்கு வீடு கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டிக்கொண்டு வந்தவர்கள், எங்கள் வீட்டில் தயாராகக் குழாய் நிற்கிறதே என்று அதிலேயே கட்டிவிட்டார்கள். ஸ்டார் ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று குழாயையும் திருப்பியிருக்கிறார்கள். புயலுக்கு அசையாதது!

ஏறி முடிச்சை அவிழ்த்தேன். கீழே நான்கைந்து பேர் நின்று, "ஸ்டாரையே அவுக்கிறா பாரு, பாஸ்டர்கிட்ட சொல்லட்டா?" என்றார்கள்.

"சொல்லுங்க. நாளைக்கு எங்க அக்கா டிவில ஆடறா. ஸ்டார முருங்க மரத்துல கட்டுங்க."

என் குரல்தான். ஸ்டாரை வாங்கிக்கொண்டு போய் மரத்தில் கட்டினார்கள்.

டிசம்பர் 15, ஞாயிறு

காலையில் நானும் அம்மாவும் சர்ச்சுக்குப் போகவில்லை. டங். டங். ஆராதனை முடிவதற்குள் பச்சை வந்துவிட்டது.

நைனா, "நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா சத்தத்தைக் கூட்டி வைத்தாள். ஆட்டம் தொடங்கியது. பேசுகிறவன் இந்தியில் கடகடவென்று ஏதோ சொன்னான். நடுவில், "நிஷா தானியேல்" என்றான்.

நைனா திரும்பினார்.

"என் பேர இன்னாத்துக்கு சொல்றான்?"

"அவ பேரே அதானே நைனா."

கொஞ்ச நேரம் பொறுத்து உள்ளே வந்தார். நின்றுகொண்டேதான் பார்த்தார். பிள்ளைகள் வரிசையாக, இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி என்று திரும்பிக் குந்தியிருந்தார்கள். அக்கா மூன்றாவது. எழுந்திருக்கவே இல்லை.

"குந்திக்கினுதான் கீறா. இதுக்கா அம்மாந்தூரம் போனா?"

"முதுகுல தட்டி கோ சொன்னாத்தான் எய்ந்துக்கணும் நைனா. இல்லன்னா தப்பு."

அப்போதுதான் ஒருத்தி அக்கா முதுகில் தட்டினாள். அக்கா எழுந்ததை நான் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். ஓடுகிறவள் கம்பத்தைச் சுற்றித் திரும்பினாள். அக்கா தரையோடு தரையாகப் பாய்ந்து அவள் குதிகாலைத் தொட்டுவிட்டாள். மண் தட்டாமல் எழுந்து அடுத்தவளைத் துரத்தினாள். அதையே மறுபடியும் மெதுவாகக் காட்டினார்கள். அவள் காற்றில் கிடந்தாள். நைனா கீழே உட்கார்ந்தார்.

தோற்றுவிட்டார்கள். நைனா டிவியை அணைக்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

அக்கா போன் பண்ணினாள். நைனா எழுந்து வெளியே போகவில்லை. கையை நீட்டினார். அம்மா பயந்துகொண்டே கொடுத்தாள்.

"குள்ளமா ஒருத்தி ஓடினாளே, அவள இன்னாத்துக்கு உட்ட? கைக்கு எட்டற தூரந்தான?"

அக்கா என்னவோ நிறையச் சொன்னாள். நைனா உம் கொட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "கறி போடறாங்களான்னு கேளு" என்று போனை அம்மாவிடம் கொடுத்தார்.

என் விஷயம் அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 25, புதன்

சர்ச் முடிந்து வந்ததும் அத்தை வந்துவிட்டாள். தட்டில் பூ, பழம். பின்னால் வண்டியில் வசந்த்குமார், தோளில் வயர் சுருள். அவன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை, டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனை யாராவது கேட்டார்களா, அதுவும் தெரியவில்லை.

நைனா, "வயர் வேணாம் சிட்டம்மா" என்றார்.

"இந்திக்காரனையே பாத்துக்கினு கெடக்கப் போறியா?"

"எனக்குப் புடிச்சிகீது."

அத்தை முகம் மாறியது. "அப்போ பூ?"

"பெரியவளக் கேக்காமத்தான் பேசிட்டேன். இவள நீயே கேட்டுக்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிற மாதிரியே இருந்தது. ஆனால் இந்தப் பதில் எனக்குத் தெரியும்.

"வேணாம் அத்தே."

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நைனா தடுக்கவில்லை. "பூவ வீணாக்காத, சர்ச்சுல வச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். அத்தை தட்டோடு வண்டியில் ஏறிப் போனாள். எவ்வளவு நாள் பேசமாட்டாளோ.

சாயந்திர பஸ்ஸில் நிஷா அக்கா வந்தாள். முழங்கையெல்லாம் தேய்ந்து கறுத்திருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அத்தைகிட்ட நீயே சொன்னியாமே? கேட்டுச்சா அவங்களுக்கு?"

"தெரு முனை வரைக்கும் கேட்டுச்சாம். அம்மா சொன்னாங்க."